உருகி நிற்கும் உப்பு: அயனித் திரவங்களும் அவற்றின் மீது எழுந்த நம்பிக்கையும்

உப்பு கரையும் என்பதை நாம் அறிவோம். உப்பு உருகும் என்பதை அடுப்பங்கரையில் எவரும் கண்டிருக்க வாய்ப்பில்லை. சோற்றுப்பானையில் இடும் சாதாரண உப்பு உருகுவதற்கு 801 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆனால் மேசைமேல் ஒரு குப்பியில், எந்தச் சூடும் காட்டாமல், விளக்கெண்ணெய் போல் கொழகொழவென்று நீர்மமாகவே நிற்கும் உப்புகளும் உலகில் உண்டு. நீரில் கரைத்த உப்பன்று. ஒரு சொட்டு நீரும் கலவாத, முழுக்க முழுக்க உப்பேயான நீர்மம். 100 பாகைக்குக் கீழ் உருகிவிடும் இத்தகைய உப்புகளுக்கு அயனித் திரவங்கள் என்று பெயர்.

ஏன் இவை இறுகுவதில்லை? சமையல் உப்பில் சோடியமும் குளோரினும் சீரான உருண்டைகள். செங்கல் அடுக்குவது போல் ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன. செங்கல்லையும் பலாப்பழத்தையும் மாற்றிமாற்றி அடுக்கி ஒரு சுவர் எழுப்பச் சொன்னால் கொத்தனார் என்ன செய்வார்? அயனித் திரவத்தில் நேர்மின் அயனி பெரியது, கோணல்மாணலானது, பெரும்பாலும் ஒரு நீண்ட வாலும் உடையது. எதிர்மின் அயனிக்கும் அதற்கும் அடுக்குப் பொருந்துவதில்லை. ஆகவே நீர்மமாகவே தங்கிவிடுகின்றன. மின்னூட்டக் கவர்ச்சியோ இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எனவே எளிதில் ஆவியாகித் தப்புவதுமில்லை.

இந்த இரண்டாவது இயல்புதான் நம் கட்டுரையின் பொருள். ஆவியாகாது, ஆவியாகாததால் மணமில்லை, மணமில்லாததால் மூக்கில் ஏறாது, தீப்பற்றாது, ஆகவே தீங்கற்றது. இவ்வாறு ஒரு சங்கிலி கோக்கப்பட்டு, அதன்மீது பல்லாண்டு நம்பிக்கை நிலைத்திருந்தது. சங்கிலியின் முதற்கண்ணி ஏறக்குறைய உண்மை. அதிலிருந்து கடைசிக் கண்ணிக்குத் தாவியதில்தான் பிழை நேர்ந்தது. அப்பிழை எவ்வாறு உருவாகி எவ்வாறு வெளிப்பட்டது என்பதை இயன்றவரை இங்கே சொல்ல விழைகிறோம்.

இத்துறையின் தொடக்கமாகப் பலரும் காட்டுவது 1914 ஆம் ஆண்டை. பால் வால்டன் அவ்வாண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பேரரசு அறிவியற் கழக இதழில் எத்தில் அமோனியம் நைட்ரேட் என்னும் உப்பைப் பற்றி எழுதினார். அது 12 பாகையில் உருகிவிடும். இன்றைய லாட்வியாவில் 1863 இல் பிறந்து, சிறு வயதிலேயே தாய்தந்தையரை இழந்து, ரீகாவில் பயின்று பேராசிரியரானவர் வால்டன். உருகிய உப்புகளில் மின்சாரம் எவ்வாறு பாய்கிறது என்பதே அவருடைய கேள்வி. நூற்றுக்கணக்கான பாகை வெப்பத்தில் உலையோடு மல்லுக்கட்டுவதைத் தவிர்க்க, எளிதில் உருகும் உப்பைத் தேடினார், கிடைத்தது, அளந்தார், எழுதினார். அதே ஆண்டு உலகப்போர் மூண்டது. 1919 இல் அவர் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தார். ரோஸ்டாக் நகரில் அவர் சேர்த்துவைத்திருந்த பெரும் நூலகம் இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் அழிந்தது. நூல்களைச் சேர்ப்பவர்களாகிய நாம் இந்த வரியைக் கடக்கச் சற்று நேரமாகிறது. 1957 இல் அவர் மறைந்தபோதும், அந்தச் சிறு உப்பைத் தொட்டு ஒரு துறையே எழப்போகிறது என்பதற்கு அறிகுறியேதுமில்லை.

வால்டனுக்கு மூன்றாண்டுகள் முன்பே கல்கத்தாவில் பிரபுல்ல சந்திர ராயும் ஜிதேந்திரநாத் ரக்ஷித்தும் எத்தில் அமோனியம் நைட்ரைட் முதலிய உப்புகளை ஆக்கி, 1911 இல் லண்டன் வேதியியல் கழக இதழில் வெளியிட்டிருந்தனர் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். வரலாறு எழுதுவோர் இதை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள்.

நிற்க. இந்த ஆதி உப்புகளின் பெயர்களைச் சற்று உற்று நோக்குவோம். அமோனியம் நைட்ரேட் உரமாவது போலவே வெடிமருந்துமாவது என்பது யாவரும் அறிந்தது. எத்தில் அமோனியம் நைட்ரேட் அதன் நெருங்கிய உறவினர்: எரிபொருளாகும் கரிமப்பகுதி ஒரு பக்கம், ஆக்சிஜன் தரும் நைட்ரேட் மறுபக்கம், இரண்டும் ஒரே உப்புக்குள். கவனமின்றிச் சூடேற்றினால் என்னவாகும் என்பதை வேதியியலாளருக்கு விளக்க வேண்டியதில்லை. அயனித் திரவங்களின் முதற்பிள்ளையே சாதுவன்று. இது பிற்காலத்தில் மறக்கப்பட்டது.

அடுத்த சில பத்தாண்டுகளை விரைந்து கடக்கலாம். 1934 இல் சார்ல்ஸ் கிரெனாக்கர் என்பவர் பிரிடினியம் வகை உப்புகளில் மரநாரின் செல்லுலோஸைக் கரைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதைக் கவனித்தவர் சிலரே. 1951 இல் டெக்சாஸின் ரைஸ் கல்வி நிறுவனத்திலிருந்து ஹர்லி, வியர் ஆகிய இருவர், அலுமினியம் குளோரைடு கலந்த ஓர் உருகிய உப்பிலிருந்து அறை வெப்பநிலையிலேயே அலுமினியப் பூச்சு ஏற்ற முடியும் என்று காட்டினர்.

இக்கட்டுரை கைக்குக் கிடைத்தவர்கள் படைத்துறை ஆய்வாளர்கள். கொலராடோவிலுள்ள அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழகத்தில் 1963 முதல் லோவெல் கிங் என்னும் அதிகாரி வெப்பமின்கலங்களுக்கு மாற்று மின்பகுபொருள் தேடிக்கொண்டிருந்தார். ஏவுகணைகளில் வைக்கும் அம்மின்கலங்களுள் லித்தியம் குளோரைடும் பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு உருக வேண்டும். அதற்கு 350 பாகைக்கு மேல் சூடு தேவை. அந்தச் சூட்டில் அருகிலுள்ள கருவிகள் கெட்டன. குளிர்ச்சியான உப்பைத் தேடிய இந்தப் பயணம் 1982 இல் ஜான் வில்க்ஸும் உடன்பணியாளர்களும் வெளியிட்ட இமிடசோலியம் உப்புகளில் வந்து சேர்ந்தது. ஐந்து மூலை வளையம், அதன் இரு நைட்ரஜன்களிலும் ஒவ்வொரு கரிமக் கிளை. இன்று அயனித் திரவம் என்றதும் ஆய்வாளர் மனத்தில் தோன்றும் உருவம் இதுவே.

ஆனால் இவற்றில் எதிர்மின் அயனி இன்னும் அலுமினியம் குளோரைடு வழிவந்ததுதான். ஈரக்காற்று பட்டால் போதும், ஹைட்ரஜன் குளோரைடு புகையும், தொண்டையைப் பிடிக்கும். உலர்ந்த நைட்ரஜனோ ஆர்கானோ நிரம்பிய கையுறைப் பெட்டிக்குள் கைவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தத் திரவம் தன் குணத்தை மறைக்கவில்லை. மூடியைத் திறந்தவுடன் புகைந்து, ‘நான் இப்படிப்பட்டவன்’ என்று அறிவித்தது. அதைக் கையாண்டவர்கள் அஞ்சியே கையாண்டார்கள்.

1992 இல் நிலைமை மாறிற்று. வில்க்ஸும், அங்கே விருந்து ஆய்வாளராக வந்திருந்த மைக்கேல் சவரோட்கோவும் அலுமினியத்தைக் கைவிட்டு, டெட்ராஃபுளோரோபோரேட் போன்ற எதிர்மின் அயனிகளைச் சேர்த்தனர். காற்றிலும் நீரிலும் நிலைத்து நிற்கும் அயனித் திரவங்கள் என்று தலைப்பிட்டே அறிவித்தனர். ஹெக்ஸாஃபுளோரோபாஸ்பேட்டும் விரைவில் வந்து சேர்ந்தது. இப்போது குப்பியைத் திறந்தால் புகையில்லை, நெடியில்லை. கையுறைப் பெட்டி தேவைப்படவில்லை. எந்த ஆய்வகமும் வாங்கலாம், எந்த மாணவரும் ஊற்றலாம்.

அக்காலத்தின் மனநிலையையும் நாம் நியாயத்தோடு நோக்க வேண்டும். வேதியியல் தொழிற்சாலைகளின் பெருந்தீங்குகளில் ஒன்று கரைப்பான் ஆவி. பென்சீன் இரத்தப் புற்றுக்குக் காரணமாகும். கார்பன் டெட்ராகுளோரைடு ஈரலைக் கெடுக்கும். ஈதர் ஆவி தரையோடு தவழ்ந்து போய் எங்கோ உள்ள நெருப்பைத் தொட்டுத் திரும்பும். இவற்றை நாள்தோறும் மூச்சில் இழுத்தவர்களுக்கு ஆவியாகாத கரைப்பான் வரமாகத் தோன்றியதில் வியப்பில்லை. 1998 இல் அனஸ்டாஸும் வார்னரும் பசுமை வேதியியலின் பன்னிரு நெறிகளை வகுத்தனர். 1999 இல் பெல்ஃபாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் கென்னத் செடன் முதலியோர் முயற்சியால் அயனித் திரவங்களுக்கென்றே ஓர் ஆய்வு மையம் திறக்கப்பட்டது. ஆய்வுக் கட்டுரைகள் பெருகின. அவற்றின் முதற்பத்தியில் ‘பசுமைக் கரைப்பான்’ என்னும் அடைமொழி ஏறத்தாழக் காப்புச் செய்யுள் போலவே இடம்பெறலாயிற்று. வெளுத்ததெல்லாம் பால் என்பது நம் பக்கத்து ஏமாற்றம். அங்கே ஆவியற்றதெல்லாம் பசுமை என்றாயிற்று.

2003 இல் அலபாமா பல்கலைக்கழகத்தில் ராபின் ராஜர்ஸின் குழுவினர் ஒரு படிகத்தைக் கண்டனர். அவர்கள் கையாண்டது அக்காலத்தில் மிகப் பரவலாகப் பயன்பட்ட திரவம்: பியூட்டில் மெத்தில் இமிடசோலியம் ஹெக்ஸாஃபுளோரோபாஸ்பேட். படிகத்தை எக்ஸ் கதிரில் ஆய்ந்தபோது அது அந்தத் திரவத்தின் உப்பாக இல்லை. அதே நேர்மின் அயனியின் ஃபுளோரைடு உப்பு, ஒரு நீர் மூலக்கூறோடு. பொருள் தெளிவானது. நீரில் நிலைத்து நிற்கும் என்று நம்பப்பட்ட எதிர்மின் அயனி, நீரோடு சேர்ந்து சிதைந்து ஃபுளோரைடைக் கக்கியிருக்கிறது. அமிலமும் சூடும் இருந்தால் அதன் விளைவு ஹைட்ரஜன் ஃபுளோரைடு. கண்ணாடியையே அரிக்கும் பொருள் அது. அயனித் திரவங்கள் எப்போதும் பசுமையானவை அல்ல என்று தலைப்பிலேயே சொல்லி அக்கட்டுரை வெளியாயிற்று. தீங்கு பற்றிய தரவு கிடைக்கும்வரை இவற்றை அறியப்படாத வேதிப்பொருளாகவே நடத்துக என்பது அதன் வேண்டுகோள். பசுமை என்று பாடிவந்த அணியைச் சேர்ந்தவர்களே இதை எழுதினார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை.

ஹைட்ரஜன் ஃபுளோரைடைப் பற்றி இங்கே சில வரிகள் எழுதாமல் கடக்க முடியாது. ஃபுளோரினைப் பிரித்தெடுக்க முயன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலாளர் பட்டியல் ஏறத்தாழ ஒரு நடுகல் வரிசை. பெல்ஜியத்தின் லூயெட், பிரான்சின் நிக்லே ஆகிய இருவரும் அம்முயற்சியில் உயிரிழந்தனர். வேறு பலர் உடல் கெட்டனர். 1886 இல் ஆன்றி முவாசான் வென்றார். இந்த அமிலத்தின் கொடுமை அதன் மௌனத்தில் இருக்கிறது. கந்தக அமிலம் பட்டால் உடனே சுடும். இதன் நீர்த்த கரைசல் பட்டால் பல மணி நேரம் வலியே தெரியாமல் இருக்கலாம். அதற்குள் தோலைக் கடந்து தசைக்குள் இறங்கி, உடலின் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். அதனால்தான் இது புழங்கும் இடங்களில் கால்சியம் குளூக்கோனேட் களிம்பைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறார்கள்: உடலின் கால்சியத்தைத் தேடிச் செல்லும் நஞ்சுக்கு வழியிலேயே வேறு கால்சியத்தை நீட்டிவிடுவது. ஆனால் தன் குடுவையில் ஃபுளோரைடு பிறந்திருக்கிறது என்றே அறியாதவர் அந்தக் களிம்பை ஏன் வாங்கி வைக்கப்போகிறார்?

2006 ஆம் ஆண்டு வேறு இரு கண்ணிகளும் அறுந்தன. ஆவியாகவே ஆகாது என்பது முதலாவது. சில அயனித் திரவங்களை மிகக் குறைந்த அழுத்தத்தில், இருநூறு முந்நூறு பாகைச் சூட்டில் சிதையாமல் காய்ச்சி வடிக்க முடியும் என்று செடன் உள்ளிட்ட குழுவினர் நேச்சர் இதழில் காட்டினர். அறை வெப்பத்தில் அதனால் அச்சமில்லை. எனினும் பாடநூல் வாசகம் ஒன்று திருத்தப்பட்டது. தீப்பற்றாது என்பது இரண்டாவது. ஒரு நீர்மம் தீப்பற்றுமா என்பதை அதன் மேலெழும் ஆவியில் சுடரைக் காட்டியே அளக்கிறோம். ஆவியே இல்லையென்றால் அளவுகோல் ‘பற்றாது’ என்றுதான் சொல்லும். ஆனால் சூடு மிகும்போது திரவம் சிதைகிறது. சிதைந்து வரும் வாயுக்கள் எரிகின்றன. ஸ்மிக்லாக், ராஜர்ஸ், வில்க்ஸ் முதலியோர் எழுதிய கட்டுரை, ஆய்வகப் பாதுகாப்பு என்பதும் அயனித் திரவங்களைச் சூழ்ந்த இன்னொரு கட்டுக்கதையோ என்று தலைப்பிலேயே வினவிற்று. அதற்கு ஈராண்டுகளுக்குப் பின், நைட்ரிக் அமிலம் பட்டவுடன் தானே தீப்பற்றிக்கொள்ளும் அயனித் திரவங்களை விமானப்படை ஆய்வாளர்கள் ராக்கெட் எரிபொருளாகவே முன்வைத்தனர்.

நஞ்சுத்தன்மையின் கதை இவ்வளவு பரபரப்பாக நிகழவில்லை. மெல்ல மெல்லத் தெரியவந்தது. ஒரு வேதிப்பொருளை வாங்கினால் பாதுகாப்புத் தகவல் தாள் ஒன்று உடன் வரும். தோலுக்கு, கண்ணுக்கு, நீர்வாழ் உயிர்களுக்கு என்று அதில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். அயனித் திரவங்களின் தாள்களில் அக்கட்டங்களில் பலவற்றில் ‘தகவல் இல்லை’ என்றே எழுதியிருக்கும். தகவல் இல்லை என்பது எவரும் சோதிக்கவில்லை என்பதாகும். படித்தவர்களோ தீங்கில்லை என்று படித்தார்கள். ஏடுகளின் சிதைந்த பகுதியைத் தம் விருப்பப்படி நிரப்பிக்கொண்ட உரையாசிரியர் சிலரை நாம் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பிரெமன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் பிறரும் இக்கட்டங்களை நிரப்ப முற்பட்டபோது ஓர் ஒழுங்கு தென்பட்டது. நேர்மின் அயனியின் வால் நீள நீள நஞ்சும் கூடுகிறது. எட்டு, பத்து கார்பன் கொண்ட வால் உடையவை கிருமிநாசினிகளிலுள்ள நாற்கிளை அமோனியம் உப்புகளை உருவத்தில் ஒத்தவை. அவற்றைப் போலவே உயிரணுச் சவ்வில் நுழைந்து அதைக் குலைக்கின்றன. குளத்து நீர்த்தெள்ளுகள் 2005 இலும், வரிக்குதிரை மீன்கள் 2006 இலும் இதற்குச் சான்று கூறின. மீன்களின் விஷயத்தில் எல்லா அயனித் திரவங்களும் ஒன்றாக நடந்துகொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சில கொன்றன, சில ஒன்றும் செய்யவில்லை. அயனித் திரவம் என்பது ஒரு பொருளின் பெயரன்று, பெருங்குலம் ஒன்றின் பெயர். குலத்தைப் பழிப்பதும் பிழை, குலத்தைப் புகழ்வதும் பிழை.

2018 இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு குப்பைக் கிடங்கைச் சூழ்ந்த மண்ணில் ஆக்டில் மெத்தில் இமிடசோலியத்தைக் கண்டறிந்தனர். அது ஈரலணுக்களுக்கு நஞ்சாவதையும், பித்தநாளங்களைத் தாக்கும் ஒரு தன்தடுப்பு நோய்க்குத் தூண்டுகோலாக இருக்கக்கூடும் என்னும் ஐயத்தையும் அவர்கள் வெளியிட்டனர். ஐயம் என்றே சொல்கிறோம். அதற்கு மேல் ஏற்றிச் சொல்வது முறையன்று. ஆனால் ஆவியாகாத அந்த மூலக்கூறு மண்ணிலிருந்து அகலவில்லை என்பதில் ஐயமில்லை.

இவ்விடத்தில் கையாளும் முறை பற்றிச் சொல்வது பொருத்தம். அசிட்டோன் மேசையில் சிந்தினால் ஒரு நிமிடத்தில் மறைந்துவிடும். அறைக் காற்று கெட்டது, மேசை தூய்மையாயிற்று. அயனித் திரவம் சிந்தினால் மறைவதேயில்லை. நிறமற்ற எண்ணெய்ப் படலமாக மேசையிலும் தராசின் பொத்தானிலும் கதவுக் கைப்பிடியிலும் தங்கியிருக்கும். மறுநாள் கையுறையின்றி வரும் இன்னொருவரின் மணிக்கட்டில் ஒட்டிக்கொள்ளும். மூக்கு எச்சரிக்காது. ஆகவே சிந்தியதை அப்போதே உறிஞ்சித் துடைத்து, துடைத்த தாளையும் வேதிக்கழிவாகவே கட்டிவைக்க வேண்டும். கையுறை அணிந்த கையால் எதையெதைத் தொட்டோம் என்ற நினைவும் வேண்டும். ஃபுளோரின் கொண்ட எதிர்மின் அயனிகளை நீரோடும் அமிலத்தோடும் சேர்த்துச் சூடாக்கலாகாது. பழைய குப்பியின் உட்புறம் மங்கலாகியிருந்தால் கண்ணாடி அரிக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணி விலகுவது நலம். நைட்ரேட், டைசயனமைடு போன்றவற்றைச் சிறிதளவே எடுத்து, மெல்லவே சூடேற்ற வேண்டும். கழுவுதொட்டியில் ஊற்றவே கூடாது. நீரில் கரைபவை பல. குட்டை வால் இமிடசோலியங்களை நுண்ணுயிர்கள் எளிதில் சிதைப்பதுமில்லை. பாதுகாப்புத் தாளில் கட்டம் வெறுமையாக இருந்தால், நஞ்சு என்று எழுதியிருப்பதாகக் கொண்டு நடந்துகொள்வதே வழக்கமாக வேண்டும்.

நைட்ரேட் என்றதும் ஹான்ஃபோர்டு நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள அந்த அணு வளாகத்தில், 1997 மே 14 அன்று ஒரு தொட்டி வெடித்தது. அதிலிருந்தது ஹைட்ராக்சில் அமோனியம் நைட்ரேட்டும் நைட்ரிக் அமிலமும் கலந்த நீர்த்த கரைசல். வேலை முடிந்தபின் சில ஆண்டுகளாகத் தொட்டியில் அப்படியே விடப்பட்டிருந்தது. நீர்த்தது, ஆகவே தீங்கற்றது என்று எண்ணியிருக்க வேண்டும். நீர் சிறிது சிறிதாக ஆவியாயிற்று, உப்பு ஆவியாகவில்லை. செறிவு ஏறி ஏறி ஓர் எல்லையைக் கடந்ததும் தானே வினைபுரிந்து வெடித்து அறையைச் சிதைத்தது. அறையில் அப்போது எவரும் இல்லை. இதே ஹைட்ராக்சில் அமோனியம் நைட்ரேட்டை அடிப்படையாகக் கொண்ட உந்துபொருளைத்தான் நாசா 2019 ஜூனில் விண்ணுக்கு அனுப்பிச் சோதித்தது. கொடிய நஞ்சாகிய ஹைட்ரசீனுக்கு மாற்று அது. நிரப்புவோர் முழுவுடல் கவச உடை அணிய வேண்டியதில்லை. அத்திட்டத்தின் பெயரிலும் ‘பசுமை’ இருந்தது. ஹைட்ரசீனோடு ஒப்பிட்டால் அப்பெயர் பொருந்தத்தான் செய்கிறது.

முதலில் அஞ்சி ஒதுக்கப்பட்ட அந்தப் புகையும் திரவத்தின் பிற்கதையையும் சொல்லி முடிக்கிறோம். பெட்ரோலின் தரத்தை உயர்த்தும் ஆல்கைலேற்றத்துக்குப் பல சுத்திகரிப்பு ஆலைகள் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைப் பல டன் கணக்கில் தேக்கி வைத்திருக்கின்றன. 2019 ஜூன் 21 அதிகாலை பிலடெல்பியாவில் அத்தகைய அலகொன்றில் அரித்த குழாய்முழங்கை உடைந்து, தீயும் வெடிப்புகளும் நேர்ந்தன. இரண்டாயிரம் கிலோவுக்கு மேல் அமிலம் வெளியேறிற்று. உயிரிழப்பு நேரவில்லை, ஆலை மூடப்பட்டது. இந்த அமிலத்துக்கு மாற்றாக அயனித் திரவத்தைப் பயன்படுத்தும் அலகை செவ்ரான் நிறுவனம் 2021 இல் தன் சால்ட் லேக் சிட்டி ஆலையில் இயக்கத் தொடங்கிற்று. உப்பேரியின் பெயர் கொண்ட ஊர். அங்கே பயன்படுவது 1992 க்குப் பிந்திய நெடியற்ற திரவமன்று. அலுமினியம் குளோரைடு வழிவந்த பழைய வகையே. அது இன்றும் ஈரக்காற்றைக் கண்டால் புகையும். ஆகவே நீர்ப்பதம் நீக்கப்பட்ட, மூடிய குழாய்களுக்குள்ளேயே அதைச் சுற்றிவரச் செய்கிறார்கள். ஆவியாகி ஊருக்குள் பரவாது என்பதே அதைத் தேர்ந்ததற்குக் காரணம்.